ரயிலில் குடியிருக்கும் அப்பாக்கள்

எங்கள் வகுப்பு ஜன்னலில் ஆல்ப்ஸ் மலை தெரியும். மார்கழி மாதத்துக் காலையில் பனி இறங்கி நிற்கும்போது வந்து பார்த்தால் யாராலும் அதை மறுக்க முடியாது. வெயில் ஏறிவிட்டால் அது பழையபடி சயனைடு மேடு. சுரங்கத்துக் கல்லை அரைத்துத் தங்கத்தைப் பிரித்த பிறகு மிஞ்சிய தூளைக் காலங்காலமாகக் கொட்டி எழுந்த வெள்ளை மேடு அது. சுரங்கத்தை மூடிவிட்டார்கள், மேடு மட்டும் எங்கும் போகவில்லை. காற்றடிக்கும் நாளில் தூள் பறந்து வந்து பெஞ்சின் மேல் படியும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அதில் விரலால் ஜெர்மன் எழுதிப் பார்ப்பார்கள்.

ஆமாம், ஜெர்மன். தங்கவயல் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் திடீரென்று வெளிநாட்டு மோகம் பிடித்து, வாசல் பேனரில் 'சர்வதேச' என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டார்கள். சேர்த்தாகிவிட்டது, அதற்கு ஏதாவது செய்யவும் வேண்டுமே. அந்த நேரம் பார்த்து நான் ஊருக்குத் திரும்பியிருந்தேன். பெங்களூரில் ஒரு கம்பெனியில் உட்கார்ந்து இயந்திரங்களின் கையேடுகளை ஜெர்மனிலிருந்து இங்கிலீஷுக்கு மாற்றிக்கொண்டிருந்தவள் நான். பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்து ஒரு நாளும் பழக்கமில்லை. இருந்தும் கேட்டவுடன் சரி என்றேன்.

காரணம் என் மகள். அவளும் அதே ஏழாம் வகுப்பு. அவளுடைய அப்பாவும் நானும் பிரிந்து, நான் அவளை அழைத்துக்கொண்டு இங்கே வந்த நாளிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. என் பெற்றோர் சென்னைக்கு அண்ணன் வீட்டோடு போய்விட்டதால் இங்கே வீடு பூட்டிக் கிடந்தது. அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர், அதில் ஒருத்திக்கு வாய் கிடையாது. பால்காரரிடம் பேசுவாள். ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பாவிடம் சிரித்துச் சிரித்துப் பேசுவாள். என்னிடம் மட்டும் தலையசைப்புதான். பசிக்கிறதா என்றால் ஓர் அசைப்பு, வேண்டாமா என்றால் இன்னொன்று. அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று வெளியே போய் விசாரிக்க வேண்டியதில்லை. வகுப்பிலாவது டீச்சருக்குப் பதில் சொல்லித்தானே ஆகவேண்டும், அவள் என்னிடம் பேசுவதைக் கேட்டுவிடலாம் என்பதுதான் என் கணக்கு.

கணக்கு முதல் நாளே தப்பியது. அவள் கடைசி பெஞ்சில், மேட்டைப் பார்த்த ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். பேரைக் கூப்பிட்டால் கையைத் தூக்கினாள். கேள்வி கேட்டால் எழுந்து நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். மற்றப் பிள்ளைகள் முன்னால் எவ்வளவு நேரம் நிற்க வைப்பது? எனக்குத்தான் கால் வலித்தது.

மிச்சம் இருந்தது கோரஸ். ஆரம்பப் பாடம் என்றால் எல்லாமே கோரஸ்தான். நான் ஒரு தரம் சொல்ல, வகுப்பு மொத்தமும் திருப்பிச் சொல்லும். குட்டன் மோர்கன். குட்டன் மோர்கன். அந்த நேரத்தில் நான் கரும்பலகை பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொள்வேன். எல்லாக் குரலும் ஒன்றாகச் சேர்ந்து மெல்ல எழும்பும். அர்த்தமெல்லாம் கரைந்துபோய் வெறும் சத்தமாக, ஜன்னல் வழியாக வெளியே போய் பனிக்குள் மறைவதாக எனக்குத் தோன்றும். அந்தச் சத்தத்துக்குள் ஒரே ஒரு குரலைத் தேடிக்கொண்டிருப்பேன். சில நாள் கிடைத்த மாதிரி இருக்கும். திரும்பிப் பார்த்தால் அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருக்கும்.

முன் பெஞ்சில் ஒரு ரெட்டைப் பின்னல்காரி. வகுப்புக்கு அவள்தான் வாய். முதல் வாரத்திலேயே எழுந்து கேட்டாள்.

"மிஸ், இத யார்கிட்ட பேசறது?"

"ஜெர்மனிக்குப் போனா அங்க இருக்கிறவங்ககிட்ட."

"அது செரி மிஸ். நம்ம ஊர்ல யார்கிட்ட பேசறது? ஜெர்மன்காரங்க வூடு எங்க கீது?"

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் அதே சந்தேகம் இருந்திருக்கிறது. எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. இந்த ஊரில் பாஷை என்பது புத்தகத்தில் இருப்பதில்லை, வீட்டில் இருப்பது. பக்கத்து வீட்டம்மாவிடம் தெலுங்கு, மளிகைக் கடையில் கன்னடம், கறிக்கடையில் உருது, வீட்டுக்குள் தமிழ். யாருடைய பாஷையோ அதில்தான் அவரோடு பேசுவது, அதுதான் மரியாதை. பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே இதையும் பழகிவிடுகின்றன. ஆள் இல்லாமல் ஒரு பாஷையை எப்படி வைத்துக்கொள்வது என்பது அவர்களுக்கு நிஜமான கவலை.

அவர்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஊரில் ஜெர்மன் வீடு என்னுடையதுதான். அதற்குப் பிறகு நான் நிம்மதியாகத் தக்காளி வாங்கியதில்லை. சாயங்காலம் மார்க்கெட்டில் பொறுக்கிக்கொண்டிருப்பேன், பின்னாலிருந்து "குட்டன் மோர்கன் மிஸ்!" என்று சத்தம் வரும். பொழுது சாய்ந்த பிறகு காலை வணக்கமா என்று அதட்டினால், தெரிந்த அத்தனை சொல்லையும் வரிசையாகக் கொட்டிவிட்டு ஓடுவார்கள். நாய், மேஜை, ஆப்பிள், நன்றி. சொல் தீர்ந்துபோனால்தான் தமிழ். தக்காளிக்காரர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். அவர் என்னிடம் கன்னடத்தில் பேச ஆரம்பித்ததும் அப்போதிலிருந்துதான்.

சிரிப்பாக இருந்தது. கொஞ்சம் வலிக்கவும் செய்தது. பிறந்து வளர்ந்த ஊரில் என்னை அசலூர்க்காரி ஆக்கிவிட்டார்கள். ஆனால் அதற்கு அவர்கள் வரும் முன்பே நான் வழி செய்து வைத்திருந்தேன். பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் "இன்னா" என்று சொல்லப் போக, பக்கத்து சீட்டுச் சென்னைப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றோடு அந்தச் சொல் என் வாயை விட்டுப் போனது. கூடவே கீதும் போனது, வூடும் போனது. மகளுக்கு நான் கொடுத்த தமிழ் துடைத்து வைத்த தமிழ். அதையும் அவள் இப்போது என்னிடம் செலவழிப்பதில்லை.

பாடப் புத்தகத்தில் மூன்றாவது பாடம் குடும்பம். பனிமலை, அதன் அடிவாரத்தில் மரவீடு, வாசலில் அப்பா, அம்மா, பையன், பெண், ஒரு நாய், எல்லாருக்கும் ஒரே சிரிப்பு. என் அப்பா இங்கே வசிக்கிறார், என் அம்மா இங்கே வசிக்கிறாள் என்று பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து சொல்ல வேண்டும். நான் சத்தம் போடாமல் அதைத் தாண்டி நாலாவது பாடத்துக்குப் போனேன். பஸ், ரயில், சைக்கிள். அப்புறம் மழை, வெயில், பனி. கடைசி பெஞ்சில் அவள் எழுந்து நின்று ஊமையாக அந்தக் கேள்வியைச் சந்திப்பதை என்னால் பார்க்க முடியாது. அவளுக்காகத்தான் தாண்டினேன் என்று சொல்லிக்கொண்டேன். பயம் எனக்குத்தான்.

ரெட்டைப் பின்னல் விடுவாளா? "மிஸ், மூணாவது பாடத்த வுட்டுட்டீங்க." அப்புறம் பார்க்கலாம் என்றேன். மறுநாளும் கேட்டாள். ஒரு நாள் காலை, மேட்டின் மேல் பனி கெட்டியாக உட்கார்ந்திருந்த நேரம், நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் அவளே எழுந்துவிட்டாள். வீட்டிலேயே படித்துக்கொண்டு வந்திருந்தாள்.

என் அம்மா ராபர்ட்சன்பேட்டையில் வசிக்கிறாள் என்று ஜெர்மனில் சுத்தமாகச் சொன்னாள். அப்புறம் கூரையைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தாள்.

"மைன் ஃபாட்டர் வோன்ட் இம் ட்ஸூக்."

என் அப்பா ரயிலில் வசிக்கிறார்.

"அப்படி இல்லம்மா. அப்பா பெங்களூர்ல வேலை பார்க்கிறார், ரயில்ல போய் வர்றார். வசிக்கிறது வீட்டுலதானே" என்றேன்.

"இல்ல மிஸ். நான் எய்ந்துக்கறதுக்கு முன்னாடியே ட்ரெய்ன் ஏறிடறாரு. நான் தூங்கனப்புறம்தான் வர்றாரு. வூட்ல அவரு சட்டதான் மிஸ் கீது."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. சிரிப்பு அடங்கும் முன்பே இன்னொரு பையன் எழுந்தான். அவன் அப்பாவும் ரயிலில் வசிக்கிறார். அடுத்தவன் அப்பாவும் அங்கேதான். ஒருத்திக்கு அம்மாவும் ரயிலில், அக்காவும் ரயிலில். உள்ளூரிலேயே பெரிய இயந்திரங்கள் செய்யும் ஃபாக்டரியில் வேலை பார்ப்பவரின் பையன் ஒருவன் மட்டும், தன் அப்பா வீட்டில் வசிக்கிறார் என்று ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

நான் யாரையும் திருத்தவில்லை. அப்பாக்கள் குடியிருக்கும் அந்த ரயிலை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் கம்பிகளில் துண்டு காய்கிறது. சீட்டுக்கு அடியில் ஸ்டவ், சுவரில் சாமிப் படமும் தினசரிக் காலண்டரும். பங்காரப்பேட்டை தாண்டும்போது யாரோ குழம்பைத் தாளிக்கிறார்கள். படியில் ஒருவர் உட்கார்ந்து ஷேவ் செய்துகொள்கிறார். மேல் பெர்த்தில் ஒருவர் அசந்து தூங்குகிறார், அவர் கனவில் அவர் பெண்ணின் ரெட்டைப் பின்னல் வருகிறது. அந்த ரயில் எங்கும் நிற்பதில்லை, பனிக்குள் போய்க்கொண்டே இருக்கிறது. ஊரில் பாதி அந்த ரயிலில் இருந்தது. அதைப் பிள்ளைகள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, சொல்ல வேண்டிய விஷயம் என்றே அவர்களுக்குத் தோன்றியதில்லை.

பெஞ்ச் நகரும் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். கடைசி பெஞ்சில் என் மகள் எழுந்து நின்றாள். நான் கூப்பிடவில்லை.

என் அப்பா பெங்களூரில் வசிக்கிறார் என்று ஜெர்மனில் சொன்னாள். அவள் குரல் எனக்குப் பழக்கமானதை விடக் கொஞ்சம் கனமாக இருந்தது. என்னிடம் பேசாத மாதங்களில் வளர்ந்துவிட்டிருந்தது. என் அம்மா தங்கவயலில் வசிக்கிறாள் என்றாள். அப்புறம், நான், என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

அவளைக் கேட்காமல்தான் இங்கே கூட்டி வந்தேன். எங்கே வசிக்கிறாய் என்று யாரும் அவளைக் கேட்டதில்லை, நீதிமன்றம்கூட என்னையும் அவரையும்தான் கேட்டது. அவள் பெங்களூர் என்று சொன்னால் அதுதான் பதில். அதற்கு மேல் நான் செய்ய ஒன்றுமில்லை. அவள் ஜன்னலைப் பார்த்தாள். பனி லேசாக விலகி, மேட்டின் ஒரு பக்கம் வெயிலில் நனைந்துகொண்டிருந்தது.

"இஷ் வோனே ஹியர்."

நான் இங்கே வசிக்கிறேன். சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

வகுப்பில் ஒன்றுமே நடக்கவில்லை. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டவில்லை. அப்பா பக்கத்தில் இல்லாத இன்னொரு பிள்ளை, அவ்வளவுதான். "அடுத்து நானு மிஸ்" என்று பக்கத்து பெஞ்சுக்காரி எழுந்துவிட்டாள். அந்தப் பிள்ளைகளை அன்று ஒவ்வொன்றாகக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அதற்குப் பதிலாக உச்சரிப்பைத் திருத்தினேன்.

சாயங்காலம் வீட்டுக்கு நடந்தோம். எப்போதும் முன்னால் போகிறவள் அன்று பக்கத்தில் வந்தாள். பேச்சு ஒன்றும் இல்லை. வழியில் ரெட்டைப் பின்னல் எதிர்ப்பட்டு, என்னிடம் ஜெர்மனில் காலை வணக்கமும் அவளிடம் தமிழில் ஊர் வம்பும் பேசிவிட்டுப் போனாள். இரண்டு பேரும் என்னமோ சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். நான் மரியாதையாகத் தள்ளி நின்றேன்.

வீட்டுக்கு வந்து வழக்கம் போல அடுப்பில் வாணலியை வைத்தேன். ஊருக்கு வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் பெரும்பாலும் உப்புமாதான். பேசாத வீட்டில் வகைவகையாகச் சமைக்கக் கை வருவதில்லை. அவளும் தட்டைப் பார்க்காமல் தின்றுவிட்டு எழுந்துவிடுவாள். கடுகு வெடித்தது. பின்னால் அவள் வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றது தெரிந்தது. திரும்பினால் போய்விடுவாளோ என்று ரவையையே கிளறிக்கொண்டிருந்தேன்.

"இன்னாம்மா, இன்னிக்கும் உப்புமாவா?"

எத்தனை மாதம் காத்திருந்த பேச்சு, அதுவும் ஒரு குறை. அதுவும் நான் அவளுக்குக் கொடுக்காத தமிழில்.

"இன்னாடி பண்றது, வூட்ல ரவதான் கீது" என்றேன்.