பொழுது சாய்ந்தபின் ஒரு மிடறு

முதலில் வந்தது தலைவலிதான். திண்டிவனத்துக்கு மேற்கே ஒரு கிராமத்தில், மழை பொய்த்த வருஷத்தில், குழந்தைகளுக்குக் கேப்பைக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன். கையில் அகப்பை கனத்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் சாயங்காலம் உடம்பு கொதித்தது. அதற்கடுத்த நாள் இன்னும் கூடியது.

நான் புதுச்சேரிக்காரி. அப்போது அது பிரெஞ்சுக்காரர் சீமை, திண்டிவனம் இங்கிலீஷ்காரர் சீமை. நடுவில் சுங்கச் சாவடி. நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். கஞ்சித் தொண்டுக்கு ஆள் தேடியவர்கள் படிப்பைக் கேட்கவில்லை, அதனால் வந்தேன். தங்க இடம் கொடுத்தது ஒரு சமணக் குடும்பம். மல்லாட்டை (நிலக்கடலை) வியாபாரம் செய்யும் நயினார், அவர் மனைவி பத்மாவதி அக்கா.

அந்த வீட்டில் பொழுது சாய்ந்தால் அடுப்பு எரியாது. தீயில் பூச்சி விழுந்து சாகும் என்பார்கள். இருட்டியபின் சாப்பாடு கிடையாது. அக்கா தண்ணீரும் குடிக்கமாட்டார். பகலில் குடிக்கும் தண்ணீரையும் பூச்சி போய்விடாமல் துணி கட்டி வடிகட்டுவார். வெங்காயம், பூண்டு வாசலோடு சரி. மீன்குழம்பில் வளர்ந்த எனக்கு ஆரம்பத்தில் சோறு இறங்கவில்லை.

"என்னம்மா, எங்க கொழம்புல பாண்டிச்சேரி கடல தேடிக்கினு இருக்கியா?" என்று நயினார் கேலி செய்வார்.

சிரித்துவைப்பேன். உள்ளுக்குள் பயம். பிறத்தியார் வீட்டில் இருக்கிறோம், ஒருநாளும் அவர்கள் முகம் சுளிக்கும்படி நடந்துவிடக் கூடாது என்ற பயம்.

காய்ச்சல் இறங்காமல் போகவே, நயினார் வண்டி கட்டிப் போய் டாக்டரை அழைத்து வந்தார். அவர் என் நாக்கைப் பார்த்தார், வயிற்றை அழுத்தினார். டைபாய்டு (குடலில் புண் உண்டாக்கும் விடாக் காய்ச்சல்) என்றார். அந்தக் காலத்தில் அதை விரட்ட மருந்து இல்லை. படுக்கையும் பத்தியமும்தான்.

"சோத்துப் பருக்கை ஒண்ணுகூட உள்ள போகக் கூடாது. பார்லிக் கஞ்சி (வாற்கோதுமைக் கஞ்சி), மோரு, தண்ணி. இருட்டினப்புறமும் விட்டு விட்டுக் குடுத்துக்கினே இருக்கணும். முட்டை வெள்ளக்கரு கலந்து..." என்றவர் நயினாரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி சரி, யார் வீட்ல நிக்கிறேன்னு மறந்துட்டேன்" என்றார்.

"என்னை ஊருக்கு அனுப்பிடுங்களேன்" என்றேன்.

"வண்டி குலுங்கினா கொடல் ஓட்டையாயிடும். வண்டி சாவடி தாண்டறதுக்குள்ள நீ தாண்டிடுவ."

பிழைத்தாலும் இல்லாவிட்டாலும் இனி அந்த வீட்டில்தான் என்றாகிவிட்டது.

அன்று பொழுது சாய்ந்ததும் அக்கா தம்ளரோடு வந்தார். பசியில்லை என்று உதட்டை மூடிக்கொண்டேன். மறுநாளும் அப்படியே. பகலில் கொடுத்ததைக் குடித்தேன். இருட்டியபின் ஒரு சொட்டும் வாங்கவில்லை. அவர்கள் நோன்பை நான் காப்பாற்றுவதாக எனக்கு எண்ணம். உதடு வெடித்தது. ஜன்னி (காய்ச்சல் மிகுதியால் வரும் பிதற்றல்) கண்டது.

மறுபடி வந்த டாக்டர் என் புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது.

"தண்ணி வத்திப்போச்சு. இப்படியே போனா தாங்காது. இருட்டினா யாரும் குடுக்கறதில்லையா?"

"குடுக்காமயா இருக்கேன்? பல்லக் கடிச்சிக்கினு கெடக்குதுங்க!" என்றார் அக்கா.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "உங்க வீட்ல அது கூடாதேக்கா."

அக்கா அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "நோம்பு எனக்குடி. உனக்கு யாரு குடுத்தா? ஒரு பூச்சி சாவக் கூடாதுன்னு அடுப்ப அணைக்கிறேன். நீ என் வீட்ல செத்தா, அந்தப் பாவத்த எந்தத் துணி கட்டி வடிகட்டுவேன்?"

அன்றிலிருந்து வெயில் இருக்கும்போதே கஞ்சி காய்ச்சி, சட்டியைக் கூடை உமிக்குள் புதைத்து, மேலே சாக்கை மூடி வைத்தார். இருட்டியபின் அடுப்பு மூட்டவில்லை. உமியை விலக்கினால் கஞ்சி வெதுவெதுவென்று இருக்கும். கண்ணாடி மூடிய லாந்தர் வெளிச்சத்தில், கைக்குழந்தைக்குப் புகட்டும் பாலாடையால் எனக்கு ஊற்றுவார். ஒருநாள் அவர் உதட்டைப் பார்த்தேன். என்னுடையதைப் போலவே காய்ந்திருந்தது.

"நீங்க ஒரு வாய் தண்ணி குடிங்கக்கா."

"விடியட்டும். நீ முழுங்கு."

முழுங்கினேன். அதன்பிறகு மறுக்கவே இல்லை.

காய்ச்சல் படி இறங்குவதுபோல மெல்ல இறங்கியது. தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. குழைத்த சோற்றை முதன்முதலாக வாயில் வைத்த மத்தியானம், குடல் கிழிந்துவிடுமோ என்று விழுங்காமல் வைத்திருந்தேன். "பொழுதுதான் இன்னும் சாயலியே, இன்னா பயம்? உள்ள தள்ளு" என்று சிரித்தார் அக்கா. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது கால்கள் வேறு யாருடையவையோ போலிருந்தன.

ஊரிலிருந்து என் அண்ணன் வந்து அழைத்துப் போனான். விழுப்புரத்தில் இறங்கிப் புதுச்சேரி ரயிலுக்குக் காத்திருந்தோம். அவன் பொட்டலத்தைப் பிரித்தான். வறுத்த மீன். படுக்கையில் எத்தனையோ நாள் ஏங்கிய வாசனை. கையை நீட்டியவள் மேற்கே பார்த்தேன். சூரியன் தண்டவாளத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஜல்தியாகச் சாப்பிட்டு முடித்தேன்.

பிறத்தியார் வீட்டில் நோயோடு படுத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். வாயை மூடிக்கொள்வது மரியாதை ஆகாது. கொடுக்கிறவர் எல்லாவற்றையும் யோசித்துத்தான் கொடுக்கிறார்.

என் வீட்டில் எந்த நேரமும் அடுப்பு எரியும். ஆனாலும் அந்தி சாயும்போது என் நாக்கு தானாக வறண்டு போகிறது. கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு ஒரு மிடறு தண்ணீர் குடிக்கிறேன். அங்கே அக்கா சட்டியைக் கவிழ்த்துவிட்டு, விடியும் வரை வாயைக் கட்டியிருப்பார்.