அரை மார்க் அக்காவும் இரண்டாவது ஆல்பமும்

பாட்டு ஓட ஆரம்பித்ததும் அரை மார்க் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். பத்திரிகை அலுவலகத்தின் பழைய ஸ்டோர் ரூம் அது. பேப்பர் கட்டுகளுக்கு நடுவே ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள். சத்தம் முழுசாக இருக்க வேண்டும். பக்கத்து அறையில் கணக்கு பார்ப்பவரின் டீ டம்ளர் மேஜையில் நடுங்க வேண்டும். "ராக் பாட்டை வயித்தால கேக்கணும்" என்பது அக்காவின் கட்சி. கணக்கு பார்ப்பவர் சரியாக அந்த நேரம் பார்த்து வெளியே ஏதாவது வேலை வைத்துக்கொள்வார்.

பத்திரிகையில் பாட்டு ஆல்பங்களை விமர்சனம் செய்து ஐந்துக்கு மார்க் போடுவதில் அக்கா மகா கறார். எப்பேர்ப்பட்ட பாடகராக இருந்தாலும் ஓர் அரையைப் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார். "அஞ்சையும் போட்டுட்டா அப்புறம் அவங்க எதுக்குப் பாடணும்?" என்பார். பேர் அப்படித்தான் வந்தது. குறைந்த மார்க் வாங்கியவர்களின் அம்மாக்கள் போன் செய்து அழுவதுண்டு. பொறுமையாகக் கேட்பார், ஆறுதல் சொல்வார், மார்க்கை மட்டும் மாற்றமாட்டார். ஆனால் ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. வறுத்தெடுத்த ஆல்பத்தை, விமர்சனம் கொடுத்த மறுநாள் தன் வீட்டில் ஒருமுறை போட்டுக் கேட்பார். "திட்டினவங்கள வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு வாய் தண்ணியாவது கொடுக்கணும் இல்ல?" என்று அதற்கு ஒரு நியாயமும் வைத்திருக்கிறார்.

பெரிய கம்பெனி எதையும் நம்பாமல், தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, கிதாரை மாட்டிக்கொண்டு பாடுகிற ஒரு பெண் இருக்கிறாள். அவளுடைய முதல் ஆல்பத்தை யாரும் சீந்தாத நேரத்தில் தலையில் தூக்கி வைத்து ஆடியது அக்காதான். 'இந்தக் குரல் கதவைத் தட்டாது, உடைத்துக்கொண்டு வரும்' என்று எழுதினார். அந்த வரி போஸ்டரில் ஏறியது. இரண்டாவது ஆல்பம் வந்ததும் மற்ற விமர்சகர்கள் அதே வரியைக் கையில் எடுத்துக்கொண்டு அவளை அடித்தார்கள். கதவை உடைத்தவள் இப்போது கதவுக்குப் பின்னால் நின்று முணுமுணுக்கிறாள் என்றார் ஒருவர். குழந்தை பிறந்ததும் குரல் செத்துவிட்டது என்று கூசாமல் எழுதினார் இன்னொருவர். கச்சேரிக்கு ஒப்புக்கொண்ட அரங்கக்காரர்கள் ஒவ்வொருவராகக் கைகழுவினார்கள். மிச்சமிருந்த ஒரே ஒருவர், அக்கா என்ன சொல்கிறார் பார்க்கலாம் என்று காத்திருந்தார்.

அக்கா ஸ்டோர் ரூமில் வழக்கமான சத்தத்தில் கேட்டார். பாட்டுக்குப் பின்னால் ஒரே இரைச்சல். டிரம்ஸ் மொத்தையாக விழுந்தது. மனசில்லாமல்தான் எழுதினார், ஆனாலும் எழுதினார்: ஆறிப்போன ஆல்பம், இரண்டரை மார்க். பக்கமும் அச்சுக்குத் தயாராகிவிட்டது.

அக்காவின் கணவர் இரவு பஸ் ஓட்டுகிறவர். பகலெல்லாம் தூக்கம். அந்த வீட்டில் பாத்திரத்தைக்கூடத் துணி விரித்துத்தான் கவிழ்ப்பார்கள். மறுநாள் காலை, சமையலறையில் இருந்த சின்ன ஸ்பீக்கரில், இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்குச் சத்தத்தை வைத்துவிட்டு அக்கா காய் நறுக்க உட்கார்ந்தார். இரண்டாவது பாட்டில் கத்தி நின்றுவிட்டது.

இரைச்சல் என்று எழுதினாரே, அது பக்கத்தில் ஒரு குழந்தை தூங்குகிற மூச்சு. டிரம்ஸை யாரோ விரல் நுனியால் தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குரல் ஒவ்வொரு சொல்லையும் ஓசைப்படாமல் கீழே வைத்தது. கோபம் எங்கேயும் போகவில்லை; பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேயேதான் இருந்தது. தூங்குகிறவரை எழுப்பாமல் கோபப்படுவது எப்படி என்று அக்காவுக்குத் தெரியாதா என்ன? எத்தனை சண்டையை அப்படிக் கிசுகிசுத்தே போட்டிருக்கிறார். சத்தமாகக் கேட்டே பழகிப்போன விமர்சகர்கள் அத்தனை பேரும், தான் உட்பட, சத்தத்தைக் கூட்டி வைத்து ஆல்பத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று புரிந்தது. அழுகையும் வந்தது, வெட்கமும் வந்தது.

ஆசிரியருக்குப் போன் போட்டார். அந்த விமர்சனம் வேண்டாம், மத்தியானத்துக்குள் வேறு தருகிறேன் என்றார். ஆசிரியர் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார். நேற்று ஆறிப்போனது இன்றைக்குச் சூடாகிவிட்டதா? பச்சைக் குழந்தைக்காரி என்று பாவம் பார்க்கிறீர்களா? இல்லை, போஸ்டரில் ஏறிய உங்கள் வரியைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறீர்களா? கடைசிக் கேள்வி சுருக்கென்று தைத்தது. படிக்கிறவர்களும் அதைத்தான் கேட்பார்கள். இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்த கறார் ஒரே நாளில் காற்றில் போய்விடும்.

"கேக்கட்டும் சார். அந்தப் பழைய வரியால தான் அந்தப் பொண்ணு அடி வாங்குதுன்னு நானே எழுதிடறேன். இப்ப நீங்க இதைக் கேளுங்க" என்று போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்தார்.

தெருவில் ஒரு லாரி உறுமிக்கொண்டு போயிற்று. அதன் பின்னால் யாரோ விடாமல் ஹாரன் அடித்தார்கள்.

"ஒண்ணும் கேக்கலையேம்மா. சத்தத்தைக் கூட்டுங்க" என்றார் ஆசிரியர்.

அக்காவின் கை ஸ்பீக்கரின் குமிழ் வரைக்கும் போயிற்று. தொடவில்லை. எழுந்து போய், கொண்டி சத்தமிடாதபடி பிடித்து, ஜன்னலைச் சாத்தினார்.