வண்டியை அமுக்கிப் பார்த்தவர்

புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியின் வண்டி நிறுத்தத்தில் அவர் காவலாளி. மெலிந்த உடம்பு, காதுவரை இறங்கிய தொப்பி. நிற்கும் ஸ்கூட்டர்களின் சீட்டை உள்ளங்கையால் அமுக்கி விட்டுவிட்டு, வண்டி ஆடி ஓய்வதையே பார்ப்பார். பூட்டு தளர்ந்த வண்டியைத் தேடுகிறார் என்று நினைத்தேன். ஒரே காலையில் பதினொரு வண்டிகளை அமுக்கினார், எண்ணினேன்.

என் மனைவியின் முதுகுவலிக்குப் பத்து நாள் சிகிச்சை. ஸ்ரீரங்கத்திலிருந்து ஸ்கூட்டரில்தான் வருவோம். ஆறு நாள் முடிந்தும் வலி குறையவில்லை. ஏழாம் நாள் அவர் என் வண்டியிலேயே கை வைத்தார். கேட்டுவிட்டேன்.

"என்ன தேடுறீங்க?"

"ஒண்ணும் தேடல சார். உங்க வண்டி அஞ்சு தடவ ஆடுது. ஒரு தடவையில நிக்கணும். ஸ்பிரிங் நல்லாத்தான் இருக்கு. ஆட்டத்த அடக்குற ஷாக் அப்சார்பர்லதான் ஆயில் ஒழுகிப்போச்சு. பாலத்துல வர்ற குலுக்கலெல்லாம் அம்மா முதுகுக்குத்தான் போகுது."

"எந்தக் கடையில உங்களுக்கு கமிஷன்?"

"உங்களுக்குப் பிடிச்ச கடைக்குப் போங்க சார். என்கிட்ட சொல்லவே வேணாம்," என்று சிரித்தார்.

அன்றே, அவரிடம் சொல்லாமல்தான் ஷாக் அப்சார்பரை மாற்றினேன். மறுநாள் காவிரிப் பாலத்தில் மனைவி, "இன்னிக்கு ஏன் இவ்வளவு மெதுவா ஓட்டுறீங்க?" என்றாள். வழக்கமான முப்பதில்தான் போய்க்கொண்டிருந்தேன்.

அன்று அவர் என் வண்டியைத் தொடவில்லை.

"அமுக்கிப் பார்க்கலையா?" என்றேன்.

"அம்மா முதுகப் பிடிக்காம இறங்குனதப் பார்த்தேன் சார், போதும்."

தனக்கு ஒரு பயனும் இல்லாமல் ஒருவர் இதையெல்லாம் ஏன் கவனிக்க வேண்டும்? எனக்கு இன்னும் பிடிபடவில்லை.