தைமூரும் துரைராசா மாஸ்டரும்

மலையகத்துப் பொகவந்தலாவையில் பன்னிரண்டு வருசமாகச் சரித்திரம் படிப்பித்த துரைராசா மாஸ்டருக்கு, பள்ளிக்கூடம் விட்டால் பேச ஆள் கிடையாது. மனைவி புனிதவதி மகளோடு கனடாவில். தேயிலைத் தோட்டத்துச் சனங்கள் "யாழ்ப்பாணத்து சார் வர்றாங்க" என்று வழிவிட்டு ஒதுங்கி நிற்பார்கள்; அதற்குமேல் நெருங்கமாட்டார்கள். தனிமை தாங்காமல் அவர் மத்திய ஆசியப் படையரசன் தைமூரைப் பற்றி எழுதத் தொடங்கினார்.

ஒரு கேள்வி அவரைக் குடைந்தது. தைமூர் போர்க்களத்துக்கும் தொழுகைக் கூடாரத்தைக் கொண்டுபோனவன். மார்க்கத்தின் பேரால் டில்லிமேல் படையெடுத்தான். அங்கே ஆட்சியில் இருந்ததும் முஸ்லிம் சுல்தான்தான். டமாஸ்கஸையும் பாக்தாத்தையும்கூட அவன் விட்டுவைக்கவில்லை. நம்பினானா, நடித்தானா?

1997இல், எழுதிய கொப்பியைக் கடைத்தெருத் தையல்காரர் மஹ்றூப்பிடம் வாசிக்கக் கொடுத்தார். மஹ்றூப் யாழ்ப்பாணத்து முஸ்லிம். தொண்ணூறில் புலிகள் இயக்கம் முஸ்லிம்களை வெளியேற்றியபோது இங்கே வந்து சேர்ந்தவர். தன் ஊர்ப் பேச்சு வழக்கைக் கேட்கவே மாஸ்டர் அந்தக் கடைக்குப் போவார்.

ஒரு கிழமை கழித்து மஹ்றூப் கொப்பியைத் திருப்பித் தந்தார்.

"அவன் நம்பித்தான் தொழுதிருப்பான், மாஸ்டர். எழும்பினாப் பிறகு, தான் ஆசைப்பட்டதை அல்லா சொன்னதெண்டு சொல்லியிருப்பான். ரெண்டும் ஒரே ஆளுக்குள்ள இருக்கும்." ஊசியில் நூலைக் கோத்தபடி கேட்டார்: "எங்களை ரெண்டு மணித்தியாலத்தில வெளிக்கிடச் சொன்னவையும் தமிழருக்காக எண்டு நம்பித்தான் சொன்னவை. அதை எழுதினனீங்களோ?"

மாஸ்டர் கொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். ஒரு மாதம் கடைத்தெருப் பக்கமே வரவில்லை. பிறகு ஒரு மழை நாளில் கடை வாசலில் வந்து நின்றார்.

"அண்டைக்கு நான் ஊரில நிண்டனான், மஹ்றூப். அம்மாவின்ர செத்தவீட்டுக்குப் போனனான். நீங்கள் மூட்டையோட போனதைப் பாத்தும் ஒரு சொல்லுச் சொல்லேல்லை."

"தெரியும். கறுப்புக் குடையோட நிண்டனீங்கள். பாத்தனான்."

மாஸ்டர் ஒரு படி ஏறி வந்தார். "பிறகேன் என்னோட கதைச்சனீங்கள்?"

"இஞ்ச வேற ஆர் எங்கட ஊர்த் தமிழ் கதைக்கினம்?" என்று மஹ்றூப் கதிரையை இழுத்துப் போட்டார்.

போர்நிறுத்தம் வந்து பாதை திறந்த பிறகு, 2003இல், மஹ்றூப் தன் வீட்டைப் பார்க்க யாழ்ப்பாணம் போனார். அங்கேயே தங்கிவிட்டார், திரும்பி வரவில்லை. அந்த வருசந்தான் மாஸ்டர், முஸ்லிம்கள் வெளியேறிய அன்று தான் கண்டதை எழுதி முடித்தார். அதை வாசிக்கக் கொடுக்கப் பொகவந்தலாவையில் அவருக்கு ஒருவரும் இருக்கவில்லை.