பத்தாவது ஆள்

என் வீட்டுக்காரருக்கு மணி அடிக்கிற வேலை. பள்ளிக்கூடத்திலா என்று கேட்காதீர்கள்; கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. சட்டசபையில். சபை மண்டபத்துக் கதவுக்கு வெளியே சுவரில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அவர் அமுக்கினால் கேன்டீன், நூலகம், தாழ்வாரம், கழிப்பறை என்று எல்லா இடத்திலும் மணி அலறும். உறுப்பினர்கள் உள்ளே வர வேண்டும். என்னை அவருக்குப் பேசியபோது "மாப்பிள்ளை சட்டசபையில இருக்கார்" என்று மட்டும் சொன்னார்கள். என் அப்பா எதையும் முழுசாகக் கேட்கிற மனிதர் இல்லை. கார் எப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தது சைக்கிள்.

சபை எப்படி உண்டாகிறது என்று புத்தகத்தில் என்னவோ எழுதியிருக்கும். எனக்குத் தெரிந்தது இவர் சொன்ன கதை. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாகாணம் முழுக்க ஓட்டுப் போட்டு நூறு பேரை அனுப்பி வைக்கிறோம். அவர்கள் வருவதற்கு முன்னால் இவர் போய் நூறு இருக்கையையும் துடைத்து, பழைய பெயர்ப்பலகைகளைக் கழற்றி, புதியவற்றை மாட்டுவார். ஜெயித்த கட்சி சபாநாயகருக்கு வலப்பக்கம், தோற்ற கட்சி இடப்பக்கம், யாரோடும் சேராதவர்கள் கடைசி வரிசை. முதல் நாள் சபாநாயகரே இருக்கமாட்டார். இருக்கிறவர்களில் மூத்தவரைத் தற்காலிகமாக அந்த நாற்காலியில் உட்கார வைத்து, அவர் முன்னால் மற்றவர்கள் ஒவ்வொருவராக உறுதிமொழி எடுப்பார்கள். ஒருமுறை அந்த மூத்தவர் பாதியிலேயே தூங்கிவிட்டார். எழுப்ப யாருக்கும் தைரியம் வரவில்லை. மீதிப் பேர் தூங்குகிறவர் முன்னாலேயே "மனசாட்சிப்படி நடப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்களாம்.

"அது செல்லுமா?" என்று கேட்டேன்.

"அஞ்சு வருஷம் செல்லுச்சே" என்றார்.

அப்புறம் சபாநாயகர் தேர்தல். ஜெயித்தவர் தனக்கு இந்தப் பதவி வேண்டவே வேண்டாம் என்பதுபோல இடத்தைவிட்டு அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். முதல்வர் ஒரு கையையும் எதிர்க்கட்சித் தலைவர் இன்னொரு கையையும் பிடித்து இழுத்துப் போய் உட்கார வைப்பார்கள். அந்த நாற்காலிக்காக நாயாய்ப் பேயாய் அலைந்த மனுஷன்தான் அன்றைக்கு அப்படி முறுக்கிக்கொள்வார். பிறகு குழுக்கள். கணக்குக் குழு, மனுக் குழு, உரிமைக் குழு என்று, மந்திரி பதவி கிடைக்காமல் மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பவர்களுக்கு ஆளுக்கு ஒன்று. நூலகக் குழுவின் தலைவர் ஒருவர், நூலகம் எந்த மாடியில் இருக்கிறது என்று கடைசிவரை இவரிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் என்னிடம் சொல்லிச் சிரிப்பாரே தவிர, உறுப்பினர்களிடம் வாயைத் திறக்கமாட்டார். "நான் கதவுக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் நடக்கிறதுல எனக்கு அபிப்பிராயமே கிடையாது" என்பார். அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. ஓர் உறுப்பினர் கட்சி மாறி வலமிருந்து இடம் போனால், பெயர்ப்பலகையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவார். அதே ஆள் புத்தி வந்தோ பெட்டி வந்தோ திரும்பினால், இவரும் பலகையோடு திரும்புவார். முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது. வீட்டில் குழம்பில் உப்பு கூடினால் மட்டும் அபிப்பிராயம் பொத்துக்கொண்டு வரும்.

மணிக்கு வருகிறேன். சபை நடக்க வேண்டுமானால் சபாநாயகரையும் சேர்த்துப் பத்துப் பேராவது உள்ளே இருக்க வேண்டும் என்பது விதி. நூறில் பத்து! என் தையல் மிஷினைச் சுற்றி எந்நேரமும் அதைவிடக் கூட்டம் இருக்கும். அந்தப் பத்துக்கும் ஆள் குறைந்தால் மணி அடிப்பார்கள். மணி ஓய்ந்தும் ஆள் சேரவில்லை என்றால் சபாநாயகர் சபையை முடித்துவிட்டு எழுந்து போக வேண்டியதுதான். மணி அடிப்பதோடு இவர் வேலை முடிகிறது. ஆனால் இவர் முடித்துக்கொண்டால்தானே? யார் கேன்டீனில் தட்டோடு இருக்கிறார், யார் பேப்பர் படிக்கிற அறையில் குறட்டை விடுகிறார் என்பதெல்லாம் அத்துபடி. மணியை அமுக்கிவிட்டு ஓடிப்போய் ஆள் பிடித்து வருவார். யாரும் சொல்லாத வேலை. சபை ஆளில்லாமல் கலைந்தால் தன் வீட்டுப் பந்தியில் சோறு பற்றாமல் போனது மாதிரி இவருக்கு அவமானம்.

இப்படிப்பட்டவர் தலையில்தான் அந்த மசோதா வந்து விழுந்தது. சட்டசபைக்குப் பின்னால் ஊழியர் குடியிருப்பு இருக்கிறது. எங்களுக்கு இரண்டு அறை, ஒரு சமையலறை, மிஷின் போட வெளிச்சமான ஒரு ஜன்னல். மகள் நர்ஸ் படிப்புக்கு நடந்தே போய் வருகிறாள். என் தையலுக்கு வாடிக்கை எல்லாம் இந்தக் குடியிருப்புப் பெண்கள்தான். இதை இடித்துவிட்டு உறுப்பினர்களுக்குப் புது விடுதி கட்டப் போகிறார்களாம். எங்களுக்கு மாற்று இடம் உண்டு. ஊருக்கு வெளியே, பஸ் எப்போதாவது வந்து எட்டிப் பார்க்கிற இடத்தில். ஒரு மசோதாவை மூன்று முறை வாசிப்பார்கள் என்று இவர் விளக்கினார். முதல் இரண்டு வாசிப்பும் முடிந்திருந்தது. யாராவது ஒருவர் ஒரு தடவை படித்திருந்தால்கூட, உள்ளே குடும்பம் குடும்பமாக ஆட்கள் இருப்பது கண்ணில் பட்டிருக்கும்.

எங்களுக்காகப் பேச ஒரே ஒரு ஆள் இருந்தார். கட்சி இல்லாமல் நின்று ஜெயித்தவர். கடைசி வரிசையில் தனியாக உட்கார்பவர். குடியிருப்பில் எல்லாரும் அவரைச் 'சுயேச்சை' என்றே சொல்வோம். நல்ல மனுஷன், அதில் சந்தேகமே இல்லை. தண்ணீர்க் குழாய் பக்கம் வந்து நின்று எங்கள் கதையை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். "கவலைப்படாதீங்கம்மா. மூணாவது வாசிப்பு அன்னைக்கு நான் பேசுற பேச்சுல அந்த மண்டபமே ஆடிப்போயிரும்" என்றார். மேல் வீட்டுக்காரிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

மூன்றாவது வாசிப்பு சபையின் கடைசி நாளில் வந்தது. அன்று காலை டீயை நீட்டிக்கொண்டே கேட்டேன்.

"இன்னைக்கு அது நிறைவேறலைன்னா என்ன ஆகும்?"

"சபையோட ஆயுசே இன்னையோட சரி. அப்புறம் கலைஞ்சிரும், தேர்தல் வரும். பாக்கி கிடக்கிற மசோதா எல்லாம் செத்துப்போகும். புதுசா வர்றவங்க மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்."

"இன்னைக்கு எத்தனை பேர் வருவாங்க?"

டீயை ஊதினார். "ஆளுங்கட்சிக்காரங்க பாதிப் பேர் சீட்டு கேட்டுத் தலைவர் வீட்டு வாசல்ல நிக்கிறாங்க. மீதிப் பேர் தொகுதிக்கு ஓடிட்டாங்க. எதிர்க்கட்சி எப்படியும் வெளிநடப்பு செய்யும்."

எனக்கு மூளையில் விளக்கு எரிந்தது. "நீங்க மணி மட்டும் அடிங்க. உங்க சம்பளம் அதுக்குத்தான். ஆள் பிடிக்கிற வேலைய யாரு உங்களுக்குக் கொடுத்தா? போகாதீங்க. என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணுங்க."

ஆறிப்போன டீயை ஊதிக்கொண்டே இருந்தார். தன் வீட்டைக் காப்பாற்ற ஒரு மனுஷன் இவ்வளவு யோசிப்பானா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சரி, போகலை" என்றார். அவர் வாயால் வருகிற 'சரி' ரிஜிஸ்டர் ஆபீஸ் பத்திரம் மாதிரி. எனக்கு நம்பிக்கை வந்தது.

மேல் வீட்டுக்காரியும் நானும் பாஸ் வாங்கிக்கொண்டு பார்வையாளர் மாடத்தில் போய் உட்கார்ந்தோம். இவர் சொன்னபடியே எல்லாம் நடந்தது. மைக் சரியாக வேலை செய்யவில்லை, இது ஜனநாயகப் படுகொலை என்று சொல்லி எதிர்க்கட்சி மொத்தமும் எழுந்து போனது. வலது பக்கத்திலும் ஒவ்வொருவராக நழுவிக்கொண்டிருந்தார்கள். எங்கள் மசோதாவை எடுத்தபோது சபாநாயகரின் செயலாளர் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார். நான் அதற்குள் எண்ணிவிட்டேன். சபாநாயகரோடு ஒன்பது. சுயேச்சையையும் காணோம். அவர் கார் வழியில் நின்றுவிட்டதாம். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

"மணி அடிக்கச் சொல்லுங்கள்" என்றார் சபாநாயகர்.

மணி அடித்தது. என் வீட்டுக்காரர் அடிக்கிற மணியை அவ்வளவு ஆசையாக நான் கேட்டதே இல்லை. கீழே ஆளுங்கட்சிக் கொறடா, அதாவது தன் கட்சி ஆட்களை ஓட்டுக்கு மேய்த்து வருகிறவர், யார் யாருக்கோ போன் போட்டுக் கத்திக்கொண்டிருந்தார். வழக்கமாக இந்நேரம் இவர் இரண்டு பேரையாவது தள்ளிக்கொண்டு வந்திருப்பார். இன்றைக்குக் கதவு அசையவில்லை. பேப்பர் அறையில் இரண்டு பேர் தூங்குவது தனக்குத் தெரியும் என்று பிற்பாடு சொன்னார். போகவில்லை. கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றினார், அதை நான் மறுக்கமாட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சபாநாயகர் கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டார். நான் மேல் வீட்டுக்காரியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கதவு திறந்தது. வியர்க்க விறுவிறுக்க, கையில் ஒரு கட்டுக் காகிதத்தோடு சுயேச்சை ஓடி வந்தார்.

"நம்ம ஆளு வந்துட்டாருக்கா! வந்துட்டாரு!" என்று மேல் வீட்டுக்காரி என்னைப் பிடித்து உலுக்கினாள். கை தட்டவே போய்விட்டாள், காவலர் முறைத்தார். எனக்கோ "போயிருங்கய்யா, வெளியே போயிருங்க" என்று கத்தத் தோன்றியது. மாடத்தில் இருமினாலே வெளியே அனுப்பிவிடுவார்கள். அவர் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தார். பத்து. மணி நின்றது. சபாநாயகர் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

சுயேச்சை பேசினார் பாருங்கள், அப்படி ஒரு பேச்சு. எங்கள் தண்ணீர்க் குழாய், என் தையல் மிஷின், மகள் நடந்து போகிற பாதை என்று ஒன்றுவிடாமல் சொன்னார். "இந்தச் சபையின் கதவைத் திறந்து மூடுகிறவன் வீட்டுக் கதவைப் பிடுங்கலாமா?" என்று கேட்டபோது ஆளுங்கட்சிக்காரர்களே மேசையைத் தட்டினார்கள். நானும் அழுதேன். பிறகு சபாநாயகர், "ஏற்போர் ஆம் என்க" என்றார். ஆம் என்றார்கள். "மறுப்போர் இல்லை என்க" என்றார். "இல்லை!" என்று சுயேச்சை தனியாக முழங்கினார். மண்டபம் ஆடத்தான் செய்தது. மசோதா நிறைவேறியது.

வெளியே படிக்கட்டில் குடியிருப்புப் பெண்கள் எல்லாரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். "உங்களால முடிஞ்சதைப் பண்ணிட்டீங்கய்யா" என்று கும்பிட்டார்கள். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. "வண்டி நின்னுபோச்சும்மா. கடைசி ஒரு மைல் ஓடியே வந்தேன். எங்க வராமப் போயிருவேனோன்னு பயந்துட்டேன்" என்றார். நானும் நன்றி என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

சாயங்காலம் இவர் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் மிஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். மகள் தண்ணீர் கொடுத்தாள். வாங்கினார், குடிக்கவில்லை.

"அவர் வந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்டேன்.

"கதவுகிட்டதான்."

"உள்ள எத்தனை பேர்னு தெரியுமில்ல?"

"ஒன்பது."

"அவர் நம்ம ஆளு! ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவரே நின்னிருப்பாரே. 'ஐயா, உள்ள போகாதீங்க, போனா பத்து ஆயிரும்'னு சொல்ல வாய் வரலையா? அப்பவுமா உங்களுக்கு அபிப்பிராயம் கிடையாது?"

"இருந்துச்சு" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "சத்தியமா இருந்துச்சு. சொல்லிரணும்னுதான் அவர் முன்னால போய் நின்னேன். வாயைத் திறந்தா, 'வாங்கய்யா, உங்களுக்காகத்தான் காத்திட்டிருக்காங்க'ன்னு வந்துருச்சு. கதவையும் நானே திறந்து பிடிச்சுட்டேன்."

திட்டுவதற்கென்று நான் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் தொண்டைவரை வந்தது. ஆனால் மனுஷன் பொய் சொல்லவில்லையே. உள்ளே இருந்த அத்தனை பேரும் அவருக்காகத்தான் காத்திருந்தார்கள்.