பெண்களில் முதலிடம்

இன்று காலை அல் குசைஸ் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டக் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா, வயது அறுபது இருக்கும், ரேஸ் சைக்கிள் ஒன்றைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அது வேணாம். பேலன்ஸ் கிடைக்காது. கூடை வச்சதா எடுங்க" என்றேன். கியர் மாற்றுவது எப்படி என்றும் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

கடைக்கார அண்ணன் என் காதருகே வந்து, "தம்பி, அவங்க ஊர்ல ரோடு ரேஸ் ஓட்டுன முதல் பொம்பளையே இவங்கதான்" என்றார்.

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சமாளிக்க, "ஜெயிச்சீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"முதல் வருசம் பொம்பிளையளில நான்தான் முதலாவது, தம்பி. ஓடினது நான் ஒராள்தானே."

"அடுத்த வருஷம்?"

"தனிய ஓட அலுப்பா இருந்தது. தங்கச்சியைப் பழக்கிக் கூட்டிக்கொண்டு போனன். ரெண்டாவதா வந்தன்."

"அப்புறம் விட்டுட்டீங்களா?"

"விடேல்ல. பத்து வருசம் ஓடினனான். எங்களைப் பாத்துக் கனக்கப் பிள்ளையள் வந்தவை. நான் எத்தினையாவதா வந்தாலும் தங்கச்சி எனக்கு முன்னால. இப்பவும் போன் எடுத்தா முதல்ல அதைத்தான் சொல்லுறாள்."

தம்பி தங்கைக்குத் தானே சொல்லிக்கொடுத்து, பிறகு அவர்களிடமே தோற்றவர்கள் கீழே கமெண்டில் வந்து கை தூக்கவும். நான் ஏற்கெனவே தூக்கிவிட்டேன், நான் தோற்றது கேரம் போர்டில்.