கார்புரேட்டர் ஒழுகிய சனிக்கிழமைகள்

எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிள் ஒழுகியதற்கு நான் காரணமில்லை. இதை இப்போது சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்த மோட்டாரே பழைய இரும்புக்குப் போய் வெகுகாலம் ஆயிற்று. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பத்து வயதில் நான் சொன்னபோது ஒருவரும் காதில் வாங்கவில்லை.

அப்போது நாங்கள் சாஆ என்ற சிற்றூரில், தாமான் என்கிற வீடமைப்புப் பகுதியில் ஒரு வரிசை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்குச் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை. அவருடைய தங்கை, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். முப்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. அப்பாவின் பழைய மோட்டாரில்தான் நாற்காலித் தொழிற்சாலைக்குப் போய்வருவாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த மோட்டாரைக் கழுவித் துடைப்பது என் வேலை. நானே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது.

ஒரு சனிக்கிழமை காலை அத்தை பெட்ரோல் குழாயைத் திறந்ததும் கார்புரேட்டருக்கு அடியிலிருந்து சொட்டுச் சொட்டாக ஒழுகத் தொடங்கியது. அப்பா என்னைத்தான் பார்த்தார். துணியை விட்டு எதையோ நோண்டியிருப்பாய் என்றார். நான் நோண்டவில்லை. அத்தை மோட்டாரைத் தள்ளிக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருந்த பட்டறைக்குப் போனாள். ஒரு மணி நேரம் கழித்து ஓட்டிக்கொண்டு வந்தாள். உள்ளே பெட்ரோலை அடைக்கிற ஊசி தேய்ந்திருக்கலாமாம். அடுத்த சனிக்கிழமை மறுபடி ஒழுகியது. இந்த முறை உள்ளே பெட்ரோலில் மிதக்கிற மிதவையில் ஓட்டை இருக்கலாமாம். அதற்கடுத்த வாரமும் ஒழுகியது.

மூன்றாவது வாரம் மோட்டாரைத் தொடவே கூடாது என்று அப்பா தடை போட்டார். நானும் தொடவில்லை. நான்காவது சனிக்கிழமையும் ஒழுகியது. இப்போது என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். போன வாரம் நோண்டியது இந்த வாரம் காட்டுகிறது என்றார் அப்பா. அம்மா எதிர்த்துப் பேசாதே என்றாள். பக்கத்திலேயே நின்ற அத்தை வாயைத் திறக்கவில்லை. எனக்குக் கண்ணெல்லாம் எரிந்தது. இப்படியும் ஒரு நியாயம் உண்டா?

அன்று அத்தை உடை மாற்ற உள்ளே போயிருந்த நேரத்தில் நான் சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்தேன். கார்புரேட்டரை ஈரம் இல்லாமல் துடைத்துவிட்டுக் குழாயைத் திறந்தேன். மேலே எங்கும் கசியவில்லை. அடியில் தொங்கிய சின்ன ரப்பர் குழாயில் மட்டும் சொட்டியது. அதற்குப் பக்கத்தில் ஒரு திருகாணி இருந்தது. கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் தேங்கிய பெட்ரோலை வேண்டும்போது வெளியே விடுவதற்கானது என்று பிறகு தெரிந்துகொண்டேன். விரலால் தொட்டாலே ஆடியது. சமையலறைக் கத்தி முனையால் அதை முடுக்கினேன். ஒழுகல் நின்றுவிட்டது.

எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். தளர்த்தினால் ஒழுகியது, முடுக்கினால் நின்றது. அப்பா இரண்டு முறை தானே செய்து பார்த்தார். பட்டறைக்காரர் சரியாக முடுக்காமல் விடுகிறார், ஒரு வாரம் ஓடி அதிர்ந்ததில் கழன்றுகொள்கிறது, வேண்டுமென்றே ஏமாற்றுகிறார் என்று முடிவு செய்தார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. இருந்திருந்து உண்மையான குற்றவாளி கிடைத்துவிட்டார். அத்தை மட்டும், போகட்டும் விடுங்க அண்ணே, என்றாள். அப்பா விடவில்லை. அவளையும் என்னையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு நடந்தார்.

பட்டறைக்காரர் மனைவியை இழந்தவர். அதிகம் பேசமாட்டார். கடையில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே அப்பா கேட்டார். "ஒரு ஸ்குருவ முடுக்கத் தெரியாதா, இல்ல பொம்பள தனியா வருதுன்னு ஏமாத்துறியா?"

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே அத்தையை ஒருமுறை பார்த்தார். அத்தை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் தப்புதாங்க அண்ணே," என்றார். "நான்தான் சரியா முடுக்கல."

செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கினால் எப்படி இருக்கும் என்று அந்த ஒரு மாதமாக அனுபவித்துக்கொண்டிருந்தவள் நான். கண் முன்னால் இன்னொருவர் அதை வாங்கிக்கொண்டு நின்றார். அது எனக்கு அப்போது தெரியவில்லை. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

அதன் பிறகு மோட்டார் வேறு பட்டறைக்குப் போனது. ஒழுகவே இல்லை. அப்பா தெரிந்தவர்களிடமெல்லாம் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார். அத்தை மட்டும் ஒரு வாரத்துக்கு என்னோடு பேசவில்லை. அது எனக்குப் பொறுக்கவில்லை. ஏமாற்றுக்காரரிடமிருந்து காப்பாற்றியவளுக்கு இதுதானா மரியாதை?

சில நாள் கழித்துச் சீப்பு தேடி அத்தையின் கைப்பையைத் திறந்தேன். கைக்குட்டையில் சுற்றி ஒரு குட்டி ஸ்குருடிரைவர் இருந்தது. கைக்குட்டையில் பெட்ரோல் வாடை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இனி யாரும் ஏமாற்ற முடியாதபடி அத்தை தானே முடுக்கக் கற்றுக்கொண்டாள், அதுவும் என்னைப் பார்த்து! அம்மாவிடம் கொண்டு ஓடினேன்.

அம்மா அதை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பழையபடி கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்து மூடினாள்.

"அப்பாகிட்ட சொல்லாத," என்றாள்.

அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு நல்ல விஷயத்தைச் சொல்லக்கூட இந்த வீட்டில் எனக்கு உரிமையில்லை என்று நினைத்துக்கொண்டேன்.